ஓமான் மலையில சைக்கிள்: ஏறுறதுக்கு போட்ட பிளானும் இறங்குன கதையும்

டிசம்பர் 8, ஞாயிறு – மவுண்ட் ஃபேபர்

பிளான் இதுதான். ஓமான்ல அல் ஹஜார் மலைத்தொடர்ல அல் ஹம்ராங்கற ஊர்ல ஆரம்பிச்சு, ஷரஃபத் அல் அலமைன்னு ஒரு உச்சி வரைக்கும் மிதிச்சு ஏறணும், அங்கருந்து மலைக்கு அந்தப் பக்கம் பிலாத் சைத்ங்கற கிராமத்துக்கு இறங்கி ராத்தங்கணும், மறுநாள் வாடி பனி அவ்ஃப் பள்ளத்தாக்கு வழியா ருஸ்தாக் டவுனுக்கு வெளிய வந்துடணும். மேல ஏறுற வரைக்கும் தார் ரோடு, அந்தப் பக்கம் இறங்குறது முழுக்க கல்லும் ஜல்லியும். யோசனை என் மச்சானோடது, எக்செல் ஷீட் என்னோடது.

உச்சி கிட்டத்தட்ட 2000 மீட்டர், அல் ஹம்ரா சுமார் 700, ஆக 1300 மீட்டர் ஏத்தம். சிங்கப்பூர்லயே உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான், அதை எட்டு தடவை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். அதுலயும் புக்கிட் தீமா உச்சிக்குப் போற ரோட்ல சைக்கிள் கூடாது, சுத்தி இருக்கற பைக் டிரெயில் மட்டும்தான். அதனால காலைல அஞ்சு மணிக்கெல்லாம் மவுண்ட் ஃபேபர் ரோட்ல ஏறி இறங்கி ஏறி இறங்கி, மழை வந்தா எங்க புளோக் மாடிப்படி. டிசம்பர் மாசம், மழை எங்க நின்னுச்சு, பாதி நாள் மாடிப்படிதான். எதிர் வீட்டு சீன ஆன்ட்டி லிஃப்ட் ரிப்பேரான்னு கேட்டுட்டு போனாங்க.

டிசம்பர் 22, ஞாயிறு – புலாவ் உபின்

கல்லுல ஓட்டிப் பழகணும்னா இங்க உபின் தீவ விட்டா வேற வழியில்ல. சாங்கி பாயிண்ட்ல போட்டுக்கு ஆளுக்கு 4 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், சைக்கிளுக்கு தனி, 12 பேர் சேர்ந்தாத்தான் எடுப்பாங்க. காலைல ஏழு மணிக்கு எங்களோட சேர்த்து எட்டு பேர்தான் இருந்தோம், படகுக்காரர் பேப்பர எடுத்து விரிச்சுட்டாரு. கடைசில மீன்பிடிக்க வந்த ஒரு மலாய் குடும்பம் நாலு பேரா வந்து எங்கள காப்பாத்துச்சு.

கேத்தாம் மவுண்டன் பைக் பார்க்ல ரொம்ப கஷ்டம்னு கறுப்பு டைமண்ட் போட்ட பாதைல ரெண்டு ரவுண்டு. செம்மண், வேரு, மழை வழுக்கல். மச்சான் ஒரு தடவை புதருக்குள்ள போயிட்டு வந்தான். இங்க இறக்கம்னா பத்து இருபது செகண்டு, பிரேக்க பிடிச்சோமா விட்டோமான்னு முடிஞ்சு போயிடும். அதனால இறக்கத்துக்கு பிராக்டிஸ் பண்ணனும்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல, பேச்செல்லாம் ஏத்தம், கியர், தண்ணி. ஷீட்ல தண்ணிக்கு மட்டும் ஒரு தனி பக்கம், ஆளுக்கு நாலு லிட்டர், சைக்கிள்ல ரெண்டு முதுகுல ரெண்டு, அதுபோக பின்னாடி வர்ற ஜீப்ல ஒரு பெட்டி. ஜீப்ப முன்னாடியே பேசி வச்சாச்சு, அந்த ஊர் ஆளு ஒருத்தரு ட்ரைவர். தனியா போய் அந்த மலைல மாட்டிக்கற வயசு எனக்கு இல்ல.

ஜனவரி 14, செவ்வாய் – சுவா சூ காங்

பொங்கல் அன்னைக்கு ராத்திரி ஃபிளைட் புக் பண்ண ஒரே தமிழன் நீங்கதான்னு வீட்ல பாட்டு. காலைல பொங்கல் வச்சு, மத்தியானம் லிட்டில் இந்தியா தேக்காவுக்குப் போய் அங்க கட்டியிருந்த மாட்ட பிள்ளைங்களுக்கு காட்டிட்டு வந்து, சாயங்காலம் ஹால்ல சைக்கிள கழட்டி பெட்டில அடுக்குனேன். முன் வீல், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் தனித்தனியா, இடுக்குல எல்லாம் பழைய கைலி. சர்க்கரைப் பொங்கல் ஒரு டப்பாவுல வச்சுக் குடுத்தாங்க, அது ட்ரான்ஸிட்லயே காலி.

ஜனவரி 15, புதன் – மஸ்கட்

மச்சான் பெட்டி வந்துச்சு. என் பெட்டி வரல. பெல்ட் சுத்தி சுத்தி நின்னே போச்சு. கவுன்டர்ல வெள்ளை அங்கி, பூப்போட்ட தொப்பி போட்ட தம்பி ஒருத்தர் கம்ப்யூட்டர தட்டிப் பார்த்துட்டு, நாங்க மாறி வந்த ஊர்லயே அது நின்னுடுச்சு, நாளைக்கு வரும் இன்ஷா அல்லான்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. ஆனா அவரு அடுத்து பண்ணது, மேஜைக்கு கீழருந்து பேரீச்சம்பழ டப்பாவ எடுத்து முன்னாடி வச்சு, ஃபிளாஸ்க்ல இருந்து சின்ன கிண்ணத்துல ஏலக்காய் போட்ட காப்பி ஊத்திக் குடுத்து, சாப்டுங்க அப்புறம் ஃபாரம் எழுதலாம்னாரு. நம்ம ஊர்ல கம்ப்ளெயின்ட் கவுன்டர்ல க்யூ நம்பர்தான் குடுப்பாங்க. காப்பி குடிக்கக் குடிக்க கிண்ணம் நிறைஞ்சுக்கிட்டே இருக்கு, போதும்னா கிண்ணத்த லேசா ஆட்டிக் காட்டணுமாம், அது தெரியாம நாலு கிண்ணம் உள்ள போயிடுச்சு.

சாயங்காலம் முத்ரா சந்தைல சும்மா நடந்தோம். சாம்பிராணி வாசம், கத்தி, சால்வை, எல்லாத்துக்கும் சொல்ற விலை ஒண்ணு வாங்குற விலை ஒண்ணு. கடல் பக்கம் மரக்கப்பல் ஒண்ணு நிக்கறதப் பார்த்ததும் எனக்கு ஜுவல் ஆஃப் மஸ்கட் ஞாபகம் வந்துச்சு. பெலித்தோங் தீவுகிட்ட மூழ்கிப் போன ஒம்போதாம் நூற்றாண்டு அரபுக் கப்பல பார்த்து அதே மாதிரி ஓமான்ல கட்டுனது, ஆணி அடிக்காம தேங்காய் நார்க் கயித்தால பலகைய தைச்சு. 2010 பிப்ரவரில இந்த ஊர்ல கிளம்பி கொச்சி, இலங்கைல காலி, பினாங்கு எல்லாம் தொட்டு ஜூலைல சிங்கப்பூர் வந்து சேர்ந்துச்சு, ஓமான் சுல்தான் நமக்குக் குடுத்த பரிசு. தச்சு வச்ச கப்பல் அவ்வளவு கடலையும் தாண்டி பத்திரமா வந்துடுச்சு, ஒரு சைக்கிள் பெட்டிய ஏரோபிளேன்ல கொண்டு வர முடியல பாருங்கன்னு மச்சான் ராத்திரி பூரா சிரிச்சான். அவன் பெட்டி வந்துடுச்சுல்ல, சிரிப்பான்.

ஜனவரி 16, வியாழன் – நிஸ்வா போற வழி

பெட்டி மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துச்சு. ஓரம் நசுங்கி இருந்தாலும் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஷீட்ல ரெஸ்ட்னு மஞ்சக் கலர் அடிச்சு வச்ச ஒரே நாள் போச்சு.

மஸ்கட்லருந்து நிஸ்வா 160 கிலோமீட்டர் சொச்சம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம் மட்டை இல்லாத கருப்பு பழுப்பு மலை. இந்தப் பாறையெல்லாம் ஒரு காலத்துல கடலுக்கு அடில இருந்த தரை, பூமித்தட்டு நகர்ந்து நிலத்து மேல ஏறி உக்காந்துடுச்சு, உலகத்துல இவ்வளவு பெருசா இது வெளிய தெரியற இடம் ரொம்ப கம்மி. மச்சான் தூங்கிட்டான்.

வழில ஒரு கடை. இங்க சின்ன டீக்கடைக்கெல்லாம் காஃபி ஷாப்னு போர்டு, பாதி கடைல மலையாள சேட்டன்மார். ஓமான் சிப்ஸ்னு ஒரு பாக்கெட், காரமா இருக்கும், அத நொறுக்கி சீஸும் முட்டையும் சேர்த்து பரோட்டாவுல சுருட்டித் தர்றாங்க. 400 பைசா. இங்க ஆயிரம் பைசாதான் ஒரு ரியால், ஒரு ரியால் நம்ம காசுக்கு மூணரை வெள்ளி, அப்ப ஒண்ணே கால் வெள்ளி சொச்சம். கரக் டீ 100 பைசா. நாங்க ஆளுக்கு மூணு பரோட்டா சாப்ட்டதப் பார்த்து சேட்டன் இன்னொண்ணு சும்மா வச்சாரு. எக்செல்ல சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 40 வெள்ளின்னு போட்டு வச்சிருந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி – நிஸ்வா, அல் ஹம்ரா

வெள்ளிக்கிழமை காலைல நிஸ்வா கோட்டை பக்கத்துல ஆட்டுச்சந்தை. நடுவுல மேடை, சுத்தி வட்டமா பாதை, ஆட்ட பிடிச்சுக்கிட்டு வியாபாரிங்க சுத்திக்கிட்டே கத்தறாங்க, வாங்குறவங்க உக்காந்த இடத்துலருந்து கைய நீட்டி ஆட்ட நிறுத்தி, வாயப் பிளந்து பல்ல பார்த்து, மடிய அமுக்கிப் பார்த்து, வேணாம்னா போன்னு விட்டுடறாங்க. ஒரு ஆடு முறுக்கிட்டு ஓடி வந்து மச்சான் முழங்கால்ல இடிச்சுச்சு. ஆட்டுக்காரப் பெரியவர் பதறிப்போய் ஓடி வந்து ஆட்ட விட்டுட்டு இவன் முழங்கால தடவிக் குடுத்தாரு, ஆடு அந்தப் பக்கம் போயே போச்சு.

மத்தியானம் ஜும்மா நேரம், கடையெல்லாம் மூடிட்டாங்க. அல் ஹம்ரா போய் சேர்ந்து ட்ரைவர பார்த்தோம். அறுபது வயசு இருக்கும், வெள்ளை தாடி, வெள்ளை லேண்ட் குரூசர், அத துடைச்சுக்கிட்டே இருக்காரு, அழுக்கு வண்டி ஓட்டுனா இங்க போலீஸ் ஃபைன் போடுமாம். எங்களப் பார்த்ததும் ‘சுகமாணோ?’ன்னாரு. நாங்க மலையாளி இல்ல தமிழ்னு சொன்னா, ஆ சரி சரி சுகமாணோன்னு திரும்பவும் அதே. அதுக்கப்புறம் மூணு பேரும் அரை இந்தி, கால் இங்கிலீஷ், மிச்சம் கை.

எக்செல் ஷீட்ட ஃபோன்ல காட்டுனேன், எத்தனை மணிக்கு எங்க, எவ்வளவு தண்ணின்னு. முழுசா பார்த்தாரு. பார்த்துட்டு சைக்கிள்கிட்ட போய் பிரேக் கட்டைய குனிஞ்சு பார்த்து, நகத்தால தட்டி, இது போதுமான்னு கேட்டாரு. ஏறுறதுக்கு பிரேக் எதுக்குன்னு மச்சான் ஜோக்கடிச்சான். அவரு சிரிக்கல.

சாயங்காலம் பக்கத்து மலைல மிஸ்ஃபத் அல் அப்ரியீன்னு ஒரு பழைய கிராமம் கூட்டிட்டுப் போனாரு. மண் வீடு, படிப்படியா தோட்டம், பேரீச்சை, வாழை கூட இருக்கு. நடுவுல ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால், ஃபலஜ்னு பேரு, ஊத்துத் தண்ணிய மலையோரமா வாய்க்கால் வெட்டிக் கொண்டு வர்றாங்க. ஓமான்ல இந்த மாதிரி அஞ்சு வாய்க்கால 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்திருக்கு. இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு நேரம் அந்தத் தோட்டத்துக்கு அவ்வளவு நேரம்னு முறை வச்சு பிரிக்கறாங்க, பகல்ல நிழல அளந்து ராத்திரில நட்சத்திரத்த பார்த்து கணக்கு வச்ச காலமும் உண்டு. என் தாத்தா பாபநாசம் பக்கம் முறைத்தண்ணிக்கு ராத்திரி மம்பட்டிய தூக்கிட்டுப் போய் சண்டை போட்ட கதையெல்லாம் அப்பா சொல்லுவாரு, இங்க சண்டை வராதான்னு கேட்டேன். வரும் வரும்னு ரெண்டு கையாலயும் குத்துற மாதிரி காட்டுனாரு.

ஜனவரி 18, சனி – மேல, அப்புறம் கீழ

காலைல ஆறு மணிக்கு கிளம்பும்போது பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. சிங்கப்பூர்ல ஏசிய 25க்கு கீழ வைக்காத ஆளுங்க நாங்க.

ஏத்தத்தப் பத்தி சொல்றதுக்கு அதிகமா ஒண்ணுமில்ல. செங்குத்தா இருந்துச்சு, மூச்சு வாங்குச்சு, நடுநடுவுல நின்னோம், ஏறிட்டோம். மாடிப்படி வீண் போகல. ஒண்ணு மட்டும் சொல்லணும், வேர்வை. நம்ம ஊர்ல பத்து நிமிஷம் மிதிச்சா சட்டை பிழியலாம், இங்க ரெண்டு மணி நேரம் மிதிச்சும் சட்டை காஞ்சே இருக்கு, வேர்க்கவே இல்லையேன்னு நினைச்சு கைய பார்த்தா வெள்ளையா உப்பு பூத்திருக்கு. காத்து அவ்வளவு காஞ்ச காத்து, வேர்த்த உடனே உறிஞ்சிடுது. தாகமும் சரியா தெரியல. ட்ரைவர்தான் அரை மணிக்கொரு தரம் ஹாரன் அடிச்சு, குடின்னு சைகை காட்டிக்கிட்டே வந்தாரு.

உச்சில ஷரஃபத் அல் அலமைன். இந்தப் பக்கம் நாம வந்த ரோடு, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா மலை அப்படியே அறுத்து விட்ட மாதிரி கீழ போகுது, அதுல வெள்ளைக் கோடா ஒரு பாதை வளைஞ்சு வளைஞ்சு இறங்குது. மச்சான் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ‘மாமா, இதுல நாம இறங்கணுமா?’ன்னான். ட்ரைவர் ரொட்டியும் தேனும் டூனா டப்பாவும் எடுத்து வச்சாரு, சாப்பிடாம விடல.

கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கம், அதுல பாதி எங்க பின் சக்கரம் வழுக்கிக்கிட்டேதான் இருந்துச்சு. ஜல்லி உருளுது, கல்லு ஒவ்வொண்ணும் முனை கூர்மை, ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. உபின்ல இருபது செகண்டு பிடிச்ச பிரேக்க இங்க விடாம பிடிக்கணும். நாலாவது வளைவுலயே கருகுன வாசனை. நின்னு பார்த்தா பிரேக் டிஸ்க் கலர் மாறி நீலமா இருக்கு. மச்சான் தண்ணி பாட்டில எடுத்துட்டான் ஊத்த, ட்ரைவர் ஜீப்ல இருந்தே கத்திக்கிட்டு இறங்கி வந்தாரு, சூடான இரும்புல தண்ணி பட்டா வளைஞ்சுடும், தன்னால ஆறட்டும்னு. அதுக்கப்புறம் அவர் சொன்ன மாதிரிதான், சும்மா தேய்ச்சுக்கிட்டே போகாம வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் பிடிச்சு வேகத்த குறைச்சு, உடனே விட்டு, திரும்பவும் பிடிச்சு, நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நின்னு ஆற விட்டு. விரலெல்லாம் மரத்துப் போச்சு. ஜிப்ப கூட பிடிச்சு இழுக்க முடியல, பாட்டில் மூடிய பல்லால திறந்தேன். ஏறுனதுக்கும் இறங்குனதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆச்சு, என் ஷீட்ல இறக்கத்துக்கு 50 நிமிஷம்.

அதுக்கு நடுவுல மச்சான் டயர். ஒரு கல்லு டயர் பக்கவாட்ட கிழிச்சுடுச்சு, ரெண்டு விரல் அகலத்துக்கு. டயருக்குள்ள ஊத்தி வச்ச சீலண்ட் பாலா பீய்ச்சிக்கிட்டு வெளிய வருது, ஆணி ஓட்டைக்கு அடைக்கற ரப்பர் திரி இதுல நிக்கல. ட்யூப் போடலாம், ஆனா கிழிசல் வழியா ட்யூப் பிதுங்கி வெடிச்சுடும், உள்ள ஏதாவது அட்டை வைக்கணும். ஓமான் நோட்டு காகிதம், தாங்காது. அப்பதான் பர்ஸ்ல நம்ம 2 வெள்ளி நோட்டு இருந்துச்சு, பாலிமர், கிழியாது, நம்ம முதல் அதிபர் யூசோஃப் இஸ்ஹாக் படம், ஓரத்துல தமிழ்ல சிங்கப்பூர்னு எழுதினது. நாலா மடிச்சு கிழிசலுக்கு உள்ள வச்சு ட்யூப்ப மாட்டி காத்தடிச்சோம். நின்னுச்சு. நோட்ட இப்படி பண்றதுக்கு நம்ம ஊர் சட்டத்துல என்ன தண்டனைன்னு தெரியல, அதனால மச்சான் பேரையும் நான் போடல. ட்ரைவர் அத பார்த்துட்டு கை தட்டி சிரிச்சாரு, அன்னைக்கு அவரு சிரிச்சது அப்பதான்.

பிலாத் சைத் போய் சேரும்போது நிழல் விழுந்துடுச்சு. கிண்ணத்துக்குள்ள உக்காந்த மாதிரி ஊரு, பேரீச்சை, படித் தோட்டம், இங்கயும் ஃபலஜ். தங்கின வீட்ல சோறும் கோழியும் ஒரே பெரிய தாம்பாளத்துல, தரைல உக்காந்து எல்லாரும் சேர்ந்து சாப்டறது. விரல் மடங்கல எனக்கு. வீட்டுக்காரர் கவனிச்சுட்டாரு போல, ஒண்ணும் சொல்லாம கோழிய பிச்சுப் பிச்சு என் பக்கமா தள்ளி வச்சுக்கிட்டே இருந்தாரு.

ஜனவரி 19, ஞாயிறு – வாடி பனி அவ்ஃப், ருஸ்தாக்

இந்த நாள் சுலபம்னு நினைச்சோம், பாதி அப்படித்தான். காட்டாத்துப் படுகைதான் பாதை, கூழாங்கல்லு, ரெண்டு பக்கமும் சுவரா மலை, அங்கங்க வேல மரம், அதுல ஆடு ஏறி நின்னு மேயுது. நடுவுல திடீர்னு பச்சைப் பசேல்னு ஒரு ஃபுட்பால் மைதானம், கோல் போஸ்ட் எல்லாம் வச்சு, சுத்தி ஒரு புல்லு கிடையாது. ட்ரைவர் மட்டும் அடிக்கடி மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்துக்கிட்டே வந்தாரு. இங்க வானம் தெளிவா இருக்கும், எங்கயோ மேல மழை பேஞ்சா இங்க தண்ணி சுவரா வந்துடும், அதனால மேகம் கண்டா வாடிய விட்டு மேட்டுக்கு ஏறிடணுமாம். என் ஷீட்ல வானிலைக்கு ருஸ்தாக் டவுனோடத மட்டும்தான் போட்டு வச்சிருந்தேன், அத அவருகிட்ட காட்டல.

ரெண்டு பஞ்சர், ரெண்டும் வேல முள்ளு. நோட்டு வச்ச டயருக்கு ஒண்ணும் ஆகல.

ருஸ்தாக்ல ஐன் அல் கஸ்ஃபான்னு வெந்நீர் ஊத்து, 45 டிகிரி, கைய அதுல விட்டு வச்சிருந்ததுல விரல் கொஞ்சம் உயிர் வந்துச்சு. ட்ரைவருக்கு பேசின காசுக்கு மேல பத்து ரியால் குடுத்தோம், வாங்கவே மாட்டேன்னுட்டாரு, கடைசில உங்க பேரப்பிள்ளைங்களுக்குன்னு சொல்லி சீட்ல வச்சுட்டு வந்தோம், அதுக்கு பதிலா ஒரு டப்பா அல்வாவ எங்க பைக்குள்ள திணிச்சுட்டு போயிட்டாரு, குங்குமப்பூவும் பன்னீரும் நெய்யுமா.

சாப்பிடப் போன கடைல தமிழ்க்குரல். தூத்துக்குடிக்காரர், வந்து பதினெட்டு வருஷம் ஆச்சாம். சைக்கிளப் பார்த்தாரு, எங்களப் பார்த்தாரு, மலையப் பார்த்தாரு.

“அந்த மலை வழியாவா வந்திய?”

“ஆமாண்ணாச்சி.”

“காசு வாங்கிட்டா?”

“இல்லண்ணாச்சி, நாங்கதான் குடுத்து...”

“சரி, உக்காருங்க மொதல்ல” ன்னு உள்ள பார்த்து, ரெண்டு மீன் கொழம்பு சோறு, அப்பளம் சேர்த்து வைன்னு சத்தம் போட்டாரு. கிங்ஃபிஷ்ஷு, நம்ம வஞ்சிரம்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்து பில்லு 2 ரியால் 200 பைசா. ரசம் கணக்குல சேர்க்கல. மச்சான் கை நடுங்க நடுங்க மூணாவது தடவை சோறு வாங்குனான், அண்ணாச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு, சிங்கப்பூர்ல கொத்தனார் வேலைக்கு இப்ப என்ன சம்பளம், அவரு தங்கச்சி மகனுக்கு பாக்கணும்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. நான் டிஷ்யூ பேப்பர்ல பிரேக் பேட் நாலு செட், கெட்டி டயர், 2 வெள்ளி நோட்டு அஞ்சுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன், அடுத்து ஜெபல் ஷம்ஸ் மலைப் பக்கம் பார்க்கலாம்னு மச்சான் அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்.